எண்பத்தேழில் ஒரு பங்கு ஜன்னல்

1.

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. மறைத்துப் பிரயோஜனமில்லை.

புதிதாக வைத்த பல் உயரமாக இருந்து உயிரை வாங்கியது. மூன்றாவது தடவையும் நான் போய் நின்றதும் டாக்டர், "செய்யறவங்ககிட்டயே நேரா காட்டிடுங்களேன்" என்று கைகழுவிவிட்டார். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த பட்டறைக்குப் போனேன். அங்கே பல் செட் செய்கிறவரை எல்லோரும் 'பல் அக்கா' என்றார்கள். வேகமாகக் கூப்பிட்டால் பல்லக்கு என்று காதில் விழும்.

அவர் என் பல்லை அராவிக்கொண்டிருக்க, நான் வாயைப் பிளந்தபடி எதிர் அலமாரியைப் பார்த்தேன். யார் யாருடையவோ தாடைகளுக்கு நடுவே ஒரு சரக்குக் கிடங்கு நின்றது. மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றே பெரிது. செங்கல் செங்கலாகச் சுவர். ஒரு மூலையில் மழைநீர் வழிந்த பாசிக்கறைகூட இருந்தது.

"ஆ?" என்று கேட்டேன். வாயில் அவருடைய விரல் இருந்தது.

"அதுவா? எங்க ஸ்டேஷன்" என்றார்.

நான் வாயைத் திறந்துகொண்டு கேட்ட ஒரே கதை இதுதான்.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அந்த ரயில் நிலையம் இப்போது இல்லை.' – வெறும் பெருமூச்சு. இதில் ஆளே இல்லை.

'அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா' – இதை முடித்தால் கதையும் முடிந்துவிடும். அப்படியே கிடக்கட்டும்.

'ஞாயிற்றுக்கிழமை காலை, பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சு வைத்து அதில் ஒரு கிடங்கைப் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு, அவள் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.' – இது பரவாயில்லை. ஏறட்டும்.

(கதைக்குள் மட்டும் அவரை 'அவள்' என்று எழுதுகிறேன். கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.)

3.

அண்ணன் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காலியான அறையில் பிளைவுட் மேஜை அடித்து, அதன்மேல் அவர்கள் பிறந்து வளர்ந்த ரயில் நிலையத்தைக் கட்ட ஆரம்பித்திருந்தார். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தண்டவாளம், வயர், சிக்னல் விளக்கு அவர் பொறுப்பு. கட்டடங்களும் மரங்களும் தங்கையினுடையவை.

அவள் கை அதற்கென்றே பழகிய கை. பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரைத் தட்டையாக ஊற்றி, ஈரம் காயும் முன் மெழுகுக் கத்தியால் செங்கல் வரி கீறுவாள். காலியான பற்பசைக் குழாயை வெட்டி விரித்து, சீப்பின்மேல் வைத்து அழுத்தினால் தகரக் கூரை. கொதித்துச் சக்கையான டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் தண்டவாளத்து ஓரத்து மண். செம்புக் கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்து ஒட்டினால் வேப்பமரம். அண்ணி ஒருமுறை எட்டிப் பார்த்து, "என் சமையல்கட்டுல பாதி இங்கதான் முளைச்சிருக்கு" என்றாள்.

மேஜையருகே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வயது இறங்கிவிடும்.

"மெயில் வந்தா டம்ளரெல்லாம் ஆடுமே, ஞாபகமிருக்கா குள்ளி?"

"டம்ளரா? அப்பா பாதி பேச்சுல நிறுத்திடுவாரு. ரயில் முழுசாப் போன அப்புறம் விட்ட வார்த்தையிலேருந்து பிடிப்பாரு."

"ஒருதடவை 'உன்னை'ன்னு நிறுத்திட்டாரு. சரக்கு வண்டி, அம்பது பெட்டி. அடிக்கப்போறாரா கொஞ்சப்போறாரான்னு நான் நடுங்கிட்டு நிக்கறேன்."

"என்ன சொன்னாரு கடைசியில?"

"'உன்னைத்தான் கடைக்கு அனுப்பணும்'னாரு."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்பாவைப் பற்றி அண்ணன் சிரித்துப் பேசி அவள் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

4.

இந்த இடத்தில் எனக்கு அண்ணன்மேல் சந்தேகம் வந்தது. மனிதர்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல். ஒரு மகன் நாற்பத்தேழு வருடம் ஒரே கோபத்தை வைத்திருப்பானா? வாசகர் நம்புவாரா? அக்காவிடம் கேட்டேன். "நம்பலைன்னா விடுங்க. அவன் வெச்சிருந்தான்" என்றார்.

நடந்தது இது. அம்மா ஒருநாள் மதியப் பாசஞ்சரில் ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. [ஏன் போனார் என்று ஒரு பத்தி எழுதினேன், கிழித்துப்போட்டேன். அக்காவுக்கே தெரியாததை நான் தெரிந்ததுபோல் எழுதுவது அழகல்ல.] அப்பாவுக்கு சிக்னல் கேபினில் வேலை. அந்த வண்டி புறப்படக் கைகாட்டியை இறக்கியது அப்பாவின் கைதான். அன்றைக்கு அண்ணன் பள்ளிக்கூடத்தில். அவருக்கு வயது பதின்மூன்று.

"கேபின் மாடியில இருக்கு. மேலேருந்து பார்த்தா பிளாட்பாரம் முழுக்கத் தெரியும். பார்த்துக்கிட்டேதான் அனுப்பிச்சிருக்காரு" என்று அண்ணன் முடிவுகட்டினார். அப்பா ஒரே ஒருதடவை, "எனக்குத் தெரியாதுப்பா" என்றார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. பத்தொன்பது வயதில் அண்ணன் வீட்டைவிட்டுப் போனார். அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு வந்தவர் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்.

தங்கைக்குத் தெரிந்தது வேறு. அன்று அவளுக்குக் காய்ச்சல், பிளாட்பாரத்தை ஒட்டிய ரயில்வே வீட்டில் இருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள், பின் ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தாள். பிளாட்பாரத்தின் கோடியில், துணிப்பையோடு. அம்மாவும் பார்த்தார். உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். ஒன்பது வயதுக்கு அது விளையாட்டு. அவளும் தன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே சொல்லியிருந்தால் அது செய்தி. ஒரு வாரம் போனபின் சொல்லியிருந்தால் குற்றம். நாற்பத்தேழு வருடம் கழித்துச் சொன்னால்

(இந்த வாக்கியத்துக்கு எனக்கு முடிவு கிடைக்கவில்லை.)

5.

பிஸ்கட் டின்னைத் திறந்ததுமே அண்ணன் முகம் சுளித்தார்.

"இவ்ளோ பெருசா? அது ஒரு சின்னக் கொட்டகை குள்ளி."

அவள் கைப்பையிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்து வைத்தாள். கிடங்குச் சுவரோரம் சீருடையில் அப்பா. "அளந்துக்கோ. அப்பா மாதிரி மூணு பேர் ஒருத்தர்மேல ஒருத்தரா நின்னாதான் கூரை எட்டும்."

அண்ணன் ஸ்கேல் வைத்து அளந்தார், மறுபடி அளந்தார். பிறகு, கேபினுக்கும் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் பிளாட்பாரக் கோடிக்கும் நடுவில் கிடங்கைத் தானே நிறுத்தினார். குனிந்து கேபின் பக்கமிருந்து அதைப் பார்த்தார்.

"உன் பல் பார்க்கிற கண்ணாடி இருக்கா?"

வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி எப்போதும் அவள் பையில் கிடக்கும். அண்ணன் கேபின் கூரையைக் கழற்றிவிட்டு, அப்பா நின்றிருக்கும் இடத்தில், அப்பாவின் கண் உயரத்துக்குக் கண்ணாடியைச் சாய்த்து இறக்கினார். மேலிருந்து குனிந்து பார்த்தார். கையை இப்படியும் அப்படியும் திருப்பினார். எப்படித் திருப்பினாலும் கண்ணாடி நிறையச் செங்கல். அவள் வரி வரியாகக் கீறிய செங்கல்.

"தெரியலையே" என்றார். "குள்ளி, அங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே."

ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, கோடிப் பிளாட்பாரத்துக்குப் பின்னால் வீடு வரவேண்டிய காலி இடத்தையே பார்த்தார். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று கேட்டார்.

வீட்டை அவள் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

6.

என் பல் சரியாகிவிட்டது. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் அக்காவின் மேஜையில் சமையலறைப் பின்சுவர் இரண்டு இருந்தன. ஒன்று முழுச் சுவர். இன்னொன்றில் ஜன்னல், மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கை வெட்டிப் பதித்த கண்ணாடியோடு.

"எழுதறவர்தானே நீங்க? எதை ஒட்டட்டும்?"

எனக்கு வியர்த்துவிட்டது. காகிதத்தில் ஆட்களை ஆட்டிவைப்பது வேறு. வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: முழுச் சுவரை ஒட்டுகிறாள். அப்பா விடுதலையாகிவிட்டார், அது போதும். – சாமர்த்தியமான முடிவு. ஆனால் அண்ணனுக்கு அந்த ஜன்னல் ஞாபகம் இருந்தால்?

இரண்டாவது முடிவு: அவள் சொல்ல, அண்ணன் வெடித்து, மேஜையைக் கவிழ்க்க, வேப்பமரங்கள் பறக்க – அடித்துவிட்டேன். அது அந்த மனிதரல்ல, எனக்கு வந்த ஆசை.

மூன்றாவது முடிவு: அண்ணனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று – அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் யாருக்காவது முன்பே தெரிந்திருக்கிறது.

மறுவாரம் போனபோது ஒரு சுவர்தான் இருந்தது. முழுச் சுவர்.

7.

அவள் ஜன்னலை ஒட்டினாள். பசை காயும்வரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வீட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அண்ணன் மண்டியிட்டு, மேஜை விளிம்பில் தாடையை வைத்து, முன்பக்கம் இன்னும் திறந்திருந்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே கோடிப் பிளாட்பாரம். ஒரு மறைப்பும் இல்லை. சட்டென்று தலை நிமிர்ந்தது.

"உனக்கு அன்னிக்குக் காய்ச்சல்ல?"

"ஆமா."

"நீ வீட்ல இருந்தே."

"பார்த்தேன்ணா. என்னைப் பார்த்து, பேசாதேன்னு கை காட்டினாங்க. பேசாமலே இருந்துட்டேன். அப்பாகிட்ட நீ சண்டை போட்டப்பவும். அவர் போனப்பவும்."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கீழே அண்ணி யாருடனோ போனில் பேசுவது கேட்டது. அவள் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். செருப்பு வாசலில் கிடந்தது, குடையை எங்கே வைத்தோம் என்றுகூட யோசித்தாள்.

"என்ன கலர் கட்டியிருந்தாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல. நான் பார்க்கலை. நீ பார்த்திருக்கே. என்ன கலர்?"

"கத்திரிப்பூ. தலையைப் பின்னலா போடாம சும்மா முடிஞ்சிருந்தாங்க."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து, அலமாரியிலிருந்து பெயின்ட் டப்பாக்களையும், இன்னும் வண்ணம் தீட்டாத பிளாஸ்டிக் மனிதர்கள் இருந்த பொட்டலத்தையும் எடுத்துவந்தார். அதில் பெண்ணாக ஒன்றைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். பதினெட்டு மில்லிமீட்டர் உயரம்.

நீலத்தையும் சிவப்பையும் அவள்தான் குழைத்தாள். சிவப்பு கூடிவிட்டது என்றார் அண்ணன். இல்லை, அப்படித்தான் இருந்தது என்றாள். அண்ணன் விட்டுக்கொடுத்தார். வண்ணம் காயும்வரை அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். அண்ணன்தான் அதிகம் பேசினார். நடுவில் ஒருதடவை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

காய்ந்ததும், அந்த உருவத்தின் காலடியில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் கொடுத்தார் அண்ணன். "நீயே நிறுத்து" என்றார்.

எங்கே நிறுத்தினீர்கள் என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நானும் எழுதியிருப்பேன். இப்போதைக்கு அவள் விரல்நுனியில் கத்திரிப்பூ நிறத்தில் ஓர் அம்மா இருக்கிறாள். மேஜையில் பிளாட்பாரமும் இருக்கிறது, சமையலறையும் இருக்கிறது. பசை காய ஒரு நிமிடம்கூட ஆகாது. நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள்?