பதினோராவது பயணி

எட்டு என்று அழுத்தியபோதுதான் வரிசையில் நின்ற தம்பியைப் பார்த்தேன்.

என் வேலையே எண்ணுவதுதான். நாட்டுக்கென்று இருக்கிற ஒரே விமான நிறுவனத்தில், சுற்றுலா மேம்பாட்டுப் பிரிவில், பதினோரு வருஷமாக நான்காம் வாசலில் நிற்கிறேன். விமானம் ஏறப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வரும்போது கையிலிருக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துவேன். பத்தாவது ஆளை நிறுத்தி, சிரித்து, பதினான்கு கேள்வி கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து. ஆள் பார்த்து நிறுத்தக் கூடாது. பத்தாவது ஆள் குடித்திருந்தாலும் அழுதுகொண்டிருந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். சிரித்த முகமாகப் பார்த்து நிறுத்தினால் நல்ல பதிலாகத்தான் வரும், அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்பார் எங்கள் மேலாளர். எதையும் சதவீதத்தில்தான் சொல்வார் என்பதால் ஆபீசில் அவருக்குச் சதவீதம் சார் என்றே பெயர். பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை எப்படி சார் என்று ஒருமுறை கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுபது என்றார்.

முன்பெல்லாம் எங்கள் ஊர் விமானங்கள் எண்ணெய் போட்டுக்கொண்டு போகிற இடம். பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போவார்கள். சதவீதம் சார் காலத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறவர் எங்கள் விமானத்தில் போனால், வழியில் இங்கே இறங்கி இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாம். ஓட்டல் அறை, சுற்றிக் காட்ட பஸ், ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பலன் இல்லையென்று சொல்ல முடியாது. ஈயாடிக்கொண்டிருந்த கடைவீதியில் இன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. டாக்சிக்காரர்கள் மூன்று பாஷையில் பேரம் பேசுகிறார்கள். கடற்கரை பஸ் எங்கள் தெரு வழியாகப் போவதால் எங்கள் தெருவுக்கும் தார் போட்டார்கள். என் தாளில் பன்னிரண்டாவது கேள்வி இந்தத் திட்டத்தைப் பற்றியது. இது இல்லாவிட்டால் எங்கள் நாட்டுக்கு வந்திருப்பீர்களா? இல்லை என்று எத்தனை பேர் சொல்கிறார்களோ, திட்டம் அத்தனை ஜெயிக்கிறது என்று அர்த்தம். அந்த இல்லைகளைக் கூட்டித்தான் சதவீதம் சார் மந்திரி முன்னால் நெஞ்சை நிமிர்த்துவார்.

வீட்டில் அம்மா இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், இந்த மாதம் தாண்டினால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். ஒன்றில் நான் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது. "தம்பி வந்து போடட்டும். அவன் வராம யாரும் என்னைத் தொடக் கூடாது" என்று ஒரே பிடி. தம்பி வெளிநாட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன வாரம்கூடப் போனில், "லீவே தர மாட்டேங்கறாங்கம்மா" என்றான். அன்றைக்கு நான் மறுபடி படிவத்தை நீட்ட, அம்மா தட்டிவிட, டீ சிந்தி அதன் மூலையில் கறை பிடித்துவிட்டது. தேதியை இன்னொரு தடவை தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சுவதற்காகத்தான் இன்று அதைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தேன்.

தம்பி பூப்போட்ட சட்டை போட்டிருந்தான். தலையில் எங்கள் நிறுவனம் சும்மா கொடுக்கிற ஆமைப் படத் தொப்பி. தோளில் ஒரு பெண் குழந்தை. எட்டாவதாகப் போனவள் அவன் மனைவி என்பது பிறகுதான் உறைத்தது. போட்டோவில் பார்த்த முகம். சீருடையில் என்னை அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். கையும் காலும் வேறு யாருடையதோ போல இருந்தன, அவ்வளவுதான். ஒன்பது. பத்தாவதாகக் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். கேளுங்கள் கேளுங்கள் என்கிற முகம். அவரைப் போகவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"வணக்கம். உங்ககிட்ட சில கேள்வி கேக்கலாமா?"

தம்பி நிமிர்ந்தான். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"அக்கா..."

"எத்தனை நாள் தங்குனீங்க?"

வேண்டுமென்று அப்படிக் கேட்கவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"ரெண்டு ராத்திரி" என்றான். பிறகு ஒரே மூச்சில், "அவ தம்பிக்கு நாளன்னிக்குக் கல்யாணம்க்கா. அங்கதான் போறோம். டிக்கெட்டோட இதுவும் சேந்து வந்துச்சு. வீட்டுக்கு வந்தா அம்மா விடுவாங்களா? அம்மாவ அப்படிப் பாத்துட்டு என்னாலதான் கெளம்ப முடியுமா? சொல்லு."

"எங்கெங்க போனீங்க?"

"ஆமை பாக்க." அவன் குரல் இறங்கிவிட்டது. "பஸ்ஸு நம்ம தெரு வழியாத்தான் போச்சு. நீ பால்கனில துணி எடுத்துட்டு இருந்த. பச்சை பெட்ஷீட்டு."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேடா."

"எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க" என்றான். அவனுக்கே அது பதிலாகப் படவில்லை போலிருக்கிறது, தொப்பியைக் கழற்றிவிட்டான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. குழந்தை என்னைக் காட்டி அதன் பாஷையில் ஏதோ கேட்டது. அவனும் அதே பாஷையில் பதில் சொன்னான். ஏர்லைன்ஸில் வேலை பார்க்கிறவர் என்றான். பதினோரு வருஷத்தில் அந்தப் பாஷை எனக்கும் கொஞ்சம் வரும் என்பது அவனுக்குத் தெரியாது. சொன்னது பொய்யும் இல்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனேன். அறை சுத்தமாக இருந்ததா, நன்றாக இருந்தது. ஊர்க்காரர்கள் அன்பாக நடந்துகொண்டார்களா, நடந்துகொண்டார்கள்.

"இந்தத் திட்டம் இல்லைன்னா இந்த நாட்டுக்கு வந்திருப்பீங்களா?"

கழற்றிய தொப்பியைத் திருப்பிப் பார்த்தான்.

"இல்லக்கா."

குறித்துக்கொண்டேன். சதவீதம் சாருக்கு ஒன்று கூடியது.

கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவன் மனைவி உள்ளேயிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, எழுதும் அட்டையில் என் தாளுக்கு மேலே வைத்து, பேனாவைக் கொடுத்தேன். தம்பி படித்தான். உதடு கோணியது.

"நான் வந்தேன்னு அம்மாகிட்ட..."

"போடுடா."

குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டாவது கோட்டில் போட்டான். இவன் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தை எத்தனை தடவை நான் போட்டுக் கொடுத்து அடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். இவன் கையெழுத்தையும் நானே போட்டிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டு மாதமாக அந்தப் புத்தி வரவில்லை.

"நீ நல்லா இருக்கியாக்கா?"

யாரும் என்னைக் கேள்வி கேட்கிற இடமில்லை அது. "பின்னால ஆள் நிக்கறாங்க, போ" என்றேன். போனான். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைகால்கூடக் கழுவாமல் அம்மாவிடம் படிவத்தைக் கொடுத்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"தம்பி கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பியிருக்கான்மா. லீவுதான் கிடைக்கலையாம்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவள் விரல் மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய், போன வாரத்து டீக்கறை மேல் நின்றது. அந்தக் கறையை நான் மறந்தே போயிருந்தேன். இன்று காலை வரை வீட்டை விட்டு எங்கேயும் போகாத தாள் அது; தபாலில் போய் வந்திருக்க முடியாது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"இளைச்சிட்டானா?" என்றாள்.

"இல்லம்மா." என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "கொஞ்சம் சதை போட்டிருக்கான்."

"ம்." தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "டாக்டருக்குப் போன் பண்ணி நாளைக்கு வரோம்னு சொல்லிடு. பெட்ஷீட் காஞ்சிருக்கும், எடுத்துட்டு வா."

பால்கனிக்குப் போய்ப் பச்சைப் பெட்ஷீட்டைக் கொடியிலிருந்து உருவினேன். தெருமுனையில் கடற்கரை பஸ் திரும்பியது. வழக்கமாக அதைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவேன், யார் போட்டோவிலும் நைட்டியோடு இருக்க வேண்டாம் என்று. இன்று பெட்ஷீட்டை மார்போடு பிடித்துக்கொண்டு கம்பி ஓரமாக வந்து நின்றேன். பஸ் மெதுவாகத்தான் போனது. ஜன்னலுக்கு ஜன்னல் ஆமைத் தொப்பிகள், போன்கள், நிமிர்ந்து பார்க்கும் முகங்கள். துணிக்கு அடியில் என் கட்டைவிரல் ஒவ்வொரு முகத்துக்கும் ஒருமுறை அழுத்திக்கொண்டே வந்தது.