துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

துரைக்கண்ணுவின் கைக்குள் போன விலை எதுவும் போனபடியே வெளியே வந்ததில்லை. ஊர் கூரம், தொழில் மாட்டுத் தரகு. வாய் பெரிய வாய்தான், ஆனால் சந்தையில் அந்த வாய்க்கு வேலையே கிடையாது. அங்கே விலையை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று. ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதிராளி ஐந்து விரலையும் கொடுத்தால், துரைக்கண்ணு முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல், இரண்டை விட்டுவிட்டு மூன்றைப் பிடிப்பார். சுற்றி நிற்கிற கூட்டம் அவர் முகத்தையே பார்த்து ஏமாந்து போகும்.

அந்த வலது கைதான் போன தை மாதம் ஒரு காலையில் பல் விளக்கும்போது பிரஷ்ஷை நழுவவிட்டது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம் தனியாக வரவில்லை. சர்க்கரை வெகுநாளாக உடம்பில் குடியிருந்தது. போகிற போக்கில் அது கிட்னியைப் பாதி தின்று, இடது கால் பெருவிரலையும் எடுத்துக்கொண்டுதான் தலைக்கு ஏறியது. முன்பெல்லாம் சர்க்கரைக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர், புண்ணுக்கு ஒரு டாக்டர் என்று அலைவார். ஒருவர் குடி என்று சொன்ன தண்ணீரை இன்னொருவர் குடிக்காதே என்பார். காஞ்சிபுரத்தில் அரசாங்கம் நடத்தும் மறுவாழ்வு வார்டில்தான் அத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். படுக்கை, சாப்பாடு, பயிற்சி எதற்கும் பைசா கேட்கவில்லை. இத்தனை பேர் கூடி நின்று பார்ப்பது ஜாதிக் காளைக்குக்கூட நடக்காது என்று துரைக்கண்ணுவுக்கு ஒரே பெருமை.

"பாரு பாய், சித்திரைச் சந்தைல நான் துண்டு போடலைன்னா என் பேர மாத்திக்கிறேன்," என்று பக்கத்துப் படுக்கை அக்பரிடம் சொல்வார். அக்பர் சரிகை வியாபாரி. சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, புதுக் கால் மாட்டி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"இன்னா பேரு வெக்கலாம்னு நான் இப்பவே யோசிச்சுக்கினு இருக்கேன் அண்ணே," என்பார் அக்பர்.

கால் நன்றாகத்தான் தேறியது. குழறிய பேச்சு தெளிந்து, பழையபடி வார்டையே விற்றுவிடும் அளவுக்கு வந்துவிட்டது. கைதான் மக்கர் பண்ணியது. கைக்குப் பயிற்சி கொடுக்கும் தீபிகா தினமும் காலையில் வந்து எதிரே உட்காருவாள். சின்ன வயது, சுறுசுறுப்பான பெண். தன் விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்து, "டைட்டா புடிங்க ஐயா," என்பாள். அவர் பிடிப்பார். அவள் முகம் வாடும். மறுபடி, "எல்லா விரலையும் சேர்த்துப் புடிங்க," என்பாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பார். அவளுடைய மோதிர விரலும் சுண்டு விரலும் பிடிக்கு வெளியேதான் நிற்கும்.

வாராவாரம் நடக்கும் புதன்கிழமைக் கூட்டத்தில், வார்டுக்குப் பொறுப்பான டாக்டர் சுகாசினி கதவைச் சாத்தாமலே பேசினார்.

"காலு, பேச்சு ரெண்டும் வந்துடுச்சு. கைல மட்டும் முன்னேற்றமே இல்ல. சாப்பிடும்போது டம்ளரை அழகா புடிக்கிறாரு, டெஸ்ட்ல புடிக்க மாட்டேங்கிறாரு. முயற்சி பத்தல. வர்ற புதன்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் வீட்டுக்கு அனுப்பிடலாம். படுக்கைக்கு ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

அத்தனையும் துரைக்கண்ணுவின் காதில் விழுந்தது. வீட்டுக்கு அனுப்புவது பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. முயற்சி பத்தவில்லையாம்! கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். பிறகுதான் பயம் வந்தது. இந்தக் கை இப்படியே வீட்டுக்குப் போனால் அவர் சந்தையில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆள். கூட இருந்த தரகர்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பரிதாபப்படுவார்கள். அதைவிட அந்த பிரஷ்ஷோடு போயிருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் தொடர வேண்டிய பயிற்சிகளைச் சொல்லித்தரத் தீபிகா அவர் மனைவியை வரச் சொன்னாள். பூவம்மாள் மாடுகளுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். தீபிகா வழக்கம்போல விரல்களைக் கொடுத்தாள், அவர் வழக்கம்போலப் பிடித்தார்.

"பார்த்தீங்களா அம்மா? இந்த ரெண்டு விரல் பக்கம் பிடியே வரல," என்றாள் தீபிகா.

பூவம்மாள் குனிந்து பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"யோவ், அந்தப் பொண்ணாண்ட வெல பேசிக்கினு இருக்கியா நீ?"

"இன்னாடி ஒளர்ற?"

"ஏம்மா, இந்த ஆளு கைல யார் கைய வெச்சாலும் ரெண்டக் கொறச்சிதான் புடிக்கும். கல்யாணத்தன்னிக்கி மணவறையச் சுத்தும்போது என் கையையே மூணு வெரல்தான் புடிச்சிச்சு. எங்க மாமன் பார்த்துட்டு, பொண்ணையே பேரம் பேசுறான்டா மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு."

அக்பர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். துரைக்கண்ணு தன் கையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தீபிகாவின் நான்கு விரல்களில் இரண்டை அந்தக் கை விட்டுவிட்டிருந்தது. சத்தியமாக அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. கைக்குள் கை வந்தால் அது தானாகவே தொழிலைப் பார்க்கப் போய்விடுகிறது.

"மறுபடி புடிங்க. இது யேவாரம் இல்ல, பரீட்சை," என்றாள் தீபிகா.

அவர் தன் கையை அதட்டி நான்கையும் பிடித்தார். தீபிகா "ஆ!" என்று கத்தினாள். வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி. துரைக்கண்ணுவுக்கு வந்த தெம்பைச் சொல்ல முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டார்.

"இப்ப குடு பாப்பா. சந்தைல எப்படின்னு காட்டுறேன்."

துண்டுக்கு அடியில் தீபிகா விரலைக் கொடுத்தாள். துரைக்கண்ணு முகத்தை இறுக்கிக்கொண்டு தடவிப் பார்த்தார். நேரம் போனது.

"மூணு," என்றார்.

தீபிகா துண்டை விலக்கினாள். அவள் கொடுத்திருந்தது ஒற்றை விரல்.

இன்னொரு முறை பார்த்தார்கள். நான்கு என்றார், இரண்டு இருந்தது. கண்ணால் பார்க்கும்வரை அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்தது. துண்டைப் போட்டதும் அது வெறும் கட்டை. பூவம்மாளின் சிரிப்பு நின்றுபோனது.

"ஐயா, முதல் நாளே குச்சியால தொட்டுத் தொட்டுக் கேட்டேனே. தெரியுது, தெரியுதுன்னு சொன்னீங்களே?" என்றாள் தீபிகா.

துரைக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொறைய நம்ம வாயால சொல்லுவாங்களா பாப்பா? மாட்டுக்குச் சுழி சரியில்லன்னா வாங்குறவன் கண்டுபுடிக்கட்டும். நாமளே சொன்னா மதிப்பு எறங்கிடாதா?"

தீபிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க என்ன மாடா? நாங்க என்ன உங்கள வாங்கவா வந்துருக்கோம்?" கோபமாக ஆரம்பித்தவள் பாதியிலேயே சிரித்துவிட்டாள். "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. பலம் இல்லைன்னு நினைச்சு இத்தனை நாள் பலத்துக்கே பயிற்சி குடுத்துட்டேன். பலம் இருக்குது. தொடு உணர்ச்சிதான் போயிருக்குது. அதுக்குப் பயிற்சியே வேற. வரும்யா. முழுசா வருமான்னு சொல்ல மாட்டேன், ஆனா வரும்."

அன்று சாயங்காலமே பயிற்சி மாறியது. ஒரு தட்டில் கேழ்வரகு, ஒன்றில் மணல், ஒன்றில் பருத்திக்கொட்டை. துண்டைப் போட்டுக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். முதலில் இடது கையால் தொட்டு அறிந்து, பிறகு வலது கையால் அதையே தேட வேண்டும். அக்பர் வீட்டுக்குப் போன் போட்டு, பட்டு நூலும் சரிகை நூலும் கொண்டுவரச் செய்தார். பட்டு வழுக்கும், சரிகை லேசாக உறுத்தும் என்று சொல்லிக் கொடுத்தார். துரைக்கண்ணு பட்டைப் பருத்தி என்றும் சரிகையைக் கயிறு என்றும் சொன்னபோது, "அண்ணே, உன்ன நம்பிக் கடைய வுட முடியாது," என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் மறுபடி மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

வார்டில் யார் சும்மா இருந்தாலும் துரைக்கண்ணு துண்டோடு போய் நின்றார். வீல் சேரில் இருந்தவர்கள், பேச்சு வராதவர்கள், எல்லோரும் விரல் கொடுத்தார்கள். பேச்சு வராத பெரியவர் ஒருவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வார்த்தையும் பேசாமல் வயிறு நிறையப் பேரம் பேசினார். தினமும் தப்பு குறைந்தது. சில சமயம் வெகுதூரத்தில் யாரோ தொடுவதுபோல ஒரு உணர்ச்சி வரும், உடனே போய்விடும். அது வருகிற வழியைப் பிடித்துக்கொள்ளத் துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். முயற்சி பத்தவில்லை என்று இனி ஒருவர் சொல்லட்டும், பார்க்கலாம்.

புதன்கிழமை வந்தது. பூவம்மாளும் வந்திருந்தாள். தீபிகா நடந்ததையெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் சுகாசினி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வார்டுல எல்லார் கையும் இவருக்குப் பழகிருக்கும். என் கை புதுசு. துண்டைப் போடுங்க."

துண்டு விழுந்தது. துரைக்கண்ணு கையை நீட்டினார். மெலிந்த விரல்கள் உள்ளே வந்தன. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மனசுக்குள் சந்தையைக் கொண்டுவந்தார்: புழுதி, மாட்டுக் கழுத்து மணி, எதிராளியின் மூச்சு. அவசரப்படாமல் மெல்ல உருட்டிப் பார்த்தார். அந்தத் தூரத்துத் தொடல் வந்தது. ஒரு எலும்பு. அதை ஒட்டி இன்னொன்று. அதற்கப்புறம் வெறும் காற்று.

"ரெண்டு," என்றார்.

டாக்டர் துண்டை விலக்கவில்லை. "சரிதான். எதுக்கு ரெண்டு குடுத்தேன்னு தெரியுதா?"

"ரெண்டு வாரமா டாக்டரம்மா?"

"ஆமா. இன்னும் ரெண்டு வாரம் இங்கயே இருங்க."

துரைக்கண்ணுவுக்கு, ஈ உட்கார்ந்தாலும் அசையாத அந்தப் பழைய முகம் வந்தது. தொழிலில் இறங்கியதிலிருந்து குறைத்தே கேட்டுப் பழகிய கை, முதல்முறையாக ஏற்றிக் கேட்டது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் வளைத்து டாக்டரின் விரல்களைத் தேடி, நான்கைப் பிடித்தது. உள்ளே ஒரு இழுபறி நடந்தது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு விரலை உருவிக்கொண்டார்.

"மூணு. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றார் துரைக்கண்ணு. துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"ஆனா ஒரு கண்டிஷன். முயற்சி பத்தலன்னு நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். நீங்களும் இனிமே எங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாது."

துரைக்கண்ணு பூவம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அதட்டினாள். "அப்பிடின்னா இன்னொண்ணு சொல்லிடுறேன். எடது கால்ல விரல் எடுத்த எடத்தாண்ட புதுசா ஒரு கொப்புளம். செருப்பு கடிச்சிருக்குது. எனக்கு வலிக்கவே இல்ல," என்றார். டாக்டர் உடனே செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தன் குறையைத் தானே சொல்லியும் மதிப்பு இறங்கவில்லை என்பது துரைக்கண்ணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு பூவம்மாள் கூரம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பையை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அதைக் கீழே வைத்துவிட்டு, அவர் மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் தன் கையை நீட்டினாள்.

"எனக்குச் சொல்லு பார்க்கலாம்."

சாணியும் வைக்கோலும் பழகிய சொரசொரப்பான கை. இதை அடையாளம் காண அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. "அஞ்சு," என்றார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

இரண்டு விரலை எப்போது விடுவார் என்று பூவம்மாள் காத்திருந்தாள். அவர் விடவில்லை.

"இன்னாய்யா, பேரம் இல்லியா?"

"இல்ல பூவு. சொன்ன வெலயே குடுத்துட்டேன்."