பல் மட்டும் ஞாபகம்

பேராசிரியர் வெண்டல் க்ராஸ்பி முப்பது வருடமாக ஞாபகத்தைப் பற்றிய ஒரே பாடத்தை வைத்துப் பிழைத்தவர். ஆற்றங்கரைப் பாம்பின் படத்தைக் காட்டினால், பயந்தவன் மனதில் பாம்பு அப்படியே நிற்கும். பின்னால் ஓடிய ஆறு நிற்காது. அவ்வளவுதான் பாடம். இதற்குத்தான் பட்டமும் பரிசும் பல்கலைக்கழக விருந்தும். சாப்பாட்டு மேசையிலும் இதையே கேட்டுக் கேட்டு, அவர் வாயைத் திறந்தாலே மனைவி லொரெய்னுக்குக் கொட்டாவி வரும்.

அவரைத்தான் பக்கத்து வீட்டு அர்லீனின் நாய் டியூக் கடித்தது. கடி என்ன கடி, ஒரு கீறல். ஆனால் நடைபாதையில் கடித்திருந்தால் நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அர்லீனின் வேலிக்குள் என்றால், உள்ளே நுழைந்தவர் பாடு. இன்று நகர அலுவலகத்தில் அதற்குத்தான் விசாரணை; அதுவரை டியூக் அங்கேயே கூண்டில்.

"நடைபாதையிலதான் கடிச்சது," என்றார் வெண்டல். "மேல் பல் ஒண்ணு உடைஞ்சிருந்தது. ஈறு கறுப்பு. இப்பவும் வரைஞ்சு காட்டுவேன்."

"பல்லை விடுங்க சார். சுத்தி என்ன இருந்தது?" என்றார் அதிகாரி கிளைட்.

"நடைபாதைதான், வேறென்ன? ஞாபகத்தைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறீங்களா?"

"டியூக் வேலியைத் தாண்டினதே இல்லீங்க," என்று அர்லீன் மூக்கைச் சிந்தினாள்.

லொரெய்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, அதுதான் கேவலம். பொய் சொல்வதற்காவது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடிபட்ட அன்று வெண்டல் போட்டிருந்த பேண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தாள். காலையில் அதை மடிக்கும்போதுதான் அவளே கவனித்திருந்தாள்.

"பாத்தீங்களா ரத்தத்தை? சாட்சிக்கு வேணும், துவைக்காதேன்னு நான்தான் சொன்னேன்," என்றார் வெண்டல் பெருமையாக.

"ரத்தத்துல விதை இருக்குமா, வெண்டல்?"

கிளைட் குனிந்தார். காய்ந்த சிவப்பில் மஞ்சள் விதைகள். மடிப்பில் நசுங்கிய தக்காளித் தோல்.

"அர்லீன் வேலிக்குள்ள இருக்குற தோட்டத்தைத் தவிர நம்ம தெருவுல தக்காளி எங்கய்யா இருக்கு?" என்றாள் லொரெய்ன். " குறுக்கு வழின்னு செடியை மிதிச்சுட்டுப் போயிருக்கே."

"ஆனா எனக்குத் தெளிவா ஞாபகம்..."

"பாம்பு ஞாபகம். ஆறு எங்கே, பேராசிரியரே?"

கிளைட் சிரிப்பை அடக்கிக்கொண்டு டியூக்கின் கூண்டைத் திறந்துவிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் வெண்டல் தொண்டையைச் செருமினார். "இதை அடுத்த வகுப்புல உதாரணமா சொல்லலாம்."

"யாரோ ஒரு முட்டாளுக்கு நடந்ததுன்னு சொல்லுவே. சொல்லு, அது பொய்யில்லை."

அர்லீனை முன்னால் உட்காரவைத்து லொரெய்ன் காரை எடுத்தாள். பின் சீட்டில் வெண்டலும் டியூக்கும். வீடு வரும்வரை அவர் கண் நாயின் வாயைவிட்டு நகரவில்லை. எந்தத் தெரு வழியாக வந்தோம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.