ஐயா நடந்துவரும் நேரம்

"தண்ணிய மேல ஏத்துற மோட்டர் இல்லீங்க முதலாளி. தண்ணியெல்லாம் நல்லாத்தான் வருது. சுடுதண்ணி வர்றதுக்குத்தான் ரொம்ப நேரமாகுது."

ஜெயலெட்சுமி மறுபடியும் சொன்னாள். பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே, ஏற்றத்தில் இருந்த அந்த ஹார்ட்வெயார் கடையில் சனிக்கிழமைக் கூட்டம் முட்டியது. ஸலீம் முதலாளி ஏற்கெனவே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டார். ஒன்று கிணற்று மோட்டர். மற்றது ஷவரில் தண்ணீர் வேகமாக வருவதற்கு. இரண்டையும் பார்த்து அவள் தலையாட்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற அவளுடைய புருஷன் நல்லையா, தங்களால் வியாபாரம் தடைப்படுகிறதே என்ற கூச்சத்தோடு, பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே இருந்தான்.

"எங்க ஈக்கு ஹீட்டர்?" என்று கேட்டார் ஸலீம்.

அவள் கண்ணாடி மேசைமேல் விரலால் ஒரு நீள்கட்டம் போட்டாள். இந்த முனையில் குசினி. அதற்கு மேலே கூரையில் சோலர் ஹீட்டர். அந்த முனையில் குளியலறை. இடையில் ஒரு வீட்டின் முழு நீளம். "பைப்புக்குள்ள கெடக்குற பச்சத்தண்ணி பூரா போனப்பொறவுதான் சூடு வருது. மூணு வாளி நெறஞ்சிரும்."

"ஓ, அப்பிடிச் சொல்லுங்க" என்று ஸலீமின் முகம் தெளிந்தது. "சுத்தி வர்ற பம்ப். பைப்புல ஆறிக் கெடக்குற தண்ணிய டேங்கிக்கே திருப்பி அனுப்பிப் போடும். டெப்பத் தொறந்தா சுடுதண்ணிதான் வரும். உங்கட வீட்டுக்கா?"

"இல்லீங்க."

"பின்ன யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றாள். சொன்ன பிறகு அது பொய்யைப் போலப் பட்டது.

போன நவம்பர் மழையில் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லய வீடுகளுக்கு மேலே இருந்த மலை சரிந்து இறங்கியது. சத்தம் கேட்டு உடுத்த துணியோடு ஓடியவர்கள் அவர்கள். தகரம் வெட்டி நல்லையாவின் கெண்டைக்கால் கிழிந்திருந்தது. ஹாலிஎல பாடசாலையில் தங்கியிருந்தபோது, வெள்ளை முடியைக் கொண்டை போட்ட ஒரு அம்மா தன்னுடைய மருந்துப் பெட்டியோடு தினமும் வந்து காயங்களுக்குக் கட்டுப்போட்டார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற லீலாதேவி அவர். எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, பதுளையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். நல்லையாவின் காயம் சேற்றுத் தரையில் ஆறாது என்று கண்டதும், "என்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு. வாங்கோ" என்றார். ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்த தங்கள் மகளிடம் போவதற்கும் மண்சரிவால் பாதை இருக்கவில்லை. ஒரு கிழமை என்று நினைத்துப் போனவர்கள் சித்திரை கழிந்து, வேறு இடத்தில் சின்ன வீடொன்று கிடைக்கும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குப் போன மறுநாள் விடியும்முன்னே ஜெயலெட்சுமி எழுந்து முதல்நாள் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். முற்றம் கூட்டத் தொடங்கினாள். தங்க இடம் கொடுத்தவர்களுக்கு வேறு எதைக் கொடுப்பது? அவளுடைய அம்மா மலையில் கொழுந்தெடுத்து முடிந்து வந்து துரைமார் வீடுகளிலும் கிளாக்கர்மார் வீடுகளிலும் இப்படித்தான் வேலை செய்தாள். பின்வாசலில் தனியாக வைத்த தட்டில் சாப்பிட்டாள். லீலாதேவி எழுந்து வந்து, விளக்குமாற்றைக் கையிலிருந்து வாங்கினார். "லெட்சுமி, நீர் இஞ்ச வேலைக்கு வரேல்லை. உம்மட அறையைக் கூட்டும், அது காணும்" என்றார். கோபமான குரல்தான். ஆனால் அன்று மத்தியானம் மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும்போது நல்லையாவுக்குச் சோறு இறங்கவில்லை. சில நாட்களில் இறங்கியது.

லீலாதேவியின் கணவர் அம்பலவாணர் பதுளைக் கச்சேரியில் பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். அவர் குளிப்பதற்கென்று படுக்கையறைப் பக்கமாகப் புதிதாக ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். சுடுதண்ணீர் அங்கே வந்துசேர அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும் என்று கட்டும்போது யாரும் யோசிக்கவில்லை. தை மாதக் குளிரில் ஒருநாள் லீலாதேவி துவாய் கேட்டாரென்று ஜெயலெட்சுமி எடுத்துக்கொண்டு போனாள். கதவு பாதி திறந்திருந்தது. ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் மேல்சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். தோளெலும்புகள் நடுங்கின. லீலாதேவி ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் குழாயின் கீழே நீட்டி, சூடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை குளிரில் நீலம் பூத்திருந்தது. "குளிருதோ?" என்று கேட்டார். ஐயா இல்லையென்று தலையாட்டினார். ஜெயலெட்சுமி துவாயைக் கதவுப்பிடியில் தொங்கவிட்டு ஓசையில்லாமல் திரும்பினாள்.

புதுவீட்டுக்குப் போன பிறகும் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கை ஞாபகம் வந்தது. தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னபோது, அங்கே அப்படிக் காத்திருப்பதே இல்லை, அதற்கென்று ஒரு மோட்டர் இருக்கிறது என்று அவள் சொன்னாள். ஜெயலெட்சுமி அதை நல்லையாவிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் யோசித்தான். "வாங்கிக் குடுக்கலாம் புள்ள. ஆனா மிஸ்ஸி என்னா நெனைப்பாங்க? செஞ்சதுக்குப் பதிலுக்குப் பதிலு முடிச்சிட்டுப் போறானுங்கன்னு நெனைக்கமாட்டாங்களா?"

அந்தப் பயத்தோடுதான் இப்போது கடையில் நின்றாள். ஸலீம் ஒரே அளவில் இரண்டு பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இரும்பு உடம்பு, விலை குறைவு. "இது குளிக்கிற தண்ணிக்குச் சரிவராது. துருப்புடிச்சி, பொறவு செவப்பாத் தண்ணி வரும்" என்று அவரே அதைத் தள்ளிவைத்தார். மற்றது துருப்பிடிக்காத எஃகு. அதிலும் மூன்று விதம். ஓயாமல் ஓடுவது ஒன்று. நேரத்தை வைத்துவிட்டால் அந்த நேரத்துக்கு ஓடுவது ஒன்று. பொத்தானை அமத்தினால் ஓடி, பைப் சூடானதும் தானாக நின்றுகொள்வது ஒன்று.

"நேரம் வைக்கிறதத்தான் எல்லாரும் எடுக்கிற. காலையில ஆறு மணிக்கு வச்சாக் காணும்."

ஜெயலெட்சுமி யோசித்தாள். ஐயா குளிக்கும் நேரம் ஐயாவுக்கே தெரியாது. நல்ல நாளில் காலையில். ராத்திரி தூக்கம் வராத நாளில் மத்தியானம். சில நாள் குளியலறை வாசல்வரை போய்த் திரும்பிவிடுவார். மணிக்கூட்டுக்கு அவரைக் காத்திருக்க வைக்கக்கூடாது. அந்தப் பொத்தானைப் படுக்கையறையிலேயே வைக்கலாமா என்று கேட்டாள். வயர் இழுத்தால் எங்கேயும் வைக்கலாம் என்றார் ஸலீம்.

"அப்ப அதக் குடுங்க. ஐயா கட்டில்லேருந்து எந்திரிக்கையில அமத்திட்டா, நடந்து போய்ச் சேரங்காட்டியும் தண்ணி சூடாயிரும்."

ஸலீம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சவங்க இல்ல, சொந்தக்காரங்க மாதிரி ஈக்கே" என்றார். சத்தம் வருமா என்று நல்லையா கேட்டதும் அங்கேயே வயரைச் செருகி ஓடவிட்டுக் காட்டினார். கடை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நல்லையா காதை அதன்மேலேயே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு நிமிர்ந்தான்.

மறுநாள் பைப் பொருத்தும் பாஸ் ஷிபானையும் கூட்டிக்கொண்டு ஹாலிஎலவுக்குப் போனார்கள். லீலாதேவிக்கு அவர்களைக் கண்டதில் முகம் நிறைய மகிழ்ச்சி. ஐயாவும் விறாந்தை நாற்காலியிலிருந்து வலது கையைத் தூக்கினார். பிறகுதான் லீலாதேவியின் கண் பெட்டியில் விழுந்தது. நல்லையா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"ஏன் உது? நான் செய்ததுக்குக் கூலியோ?"

"ஐயோ, அப்பிடி இல்லீங்க மிஸ்ஸி."

"உங்கட வீட்டுக்கு இன்னும் கதவு நிலை சரியில்லை எண்டு போனமுறை சொன்னனீங்கள். அதைச் செய்யாமல் இதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்." குரல் தாழ்ந்தது. "அவரை நான் குளிரில வைச்சிருக்கிறதைப் பாத்துக்கொண்டே இருந்தனீர், என்ன லெட்சுமி? நான் அவரை வடிவாப் பாக்கேல்லை எண்டு நினைச்சனீரோ?"

இந்தக் கேள்வியை ஜெயலெட்சுமி எதிர்பார்க்கவில்லை. பயந்ததெல்லாம் வேறு எதற்கோ. இந்த அம்மாவுக்கும் வெட்கம் இருக்கும், தன்னால் முடியாத ஒன்றை இன்னொருத்தி பார்த்துவிட்ட வெட்கம், என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கண் கலங்கியது. ஆனாலும் பேசினாள்.

"உங்க கையத்தான் மிஸ்ஸி பாத்தேன். வெறைச்சுப் போயிருந்திச்சு. கூலின்னு நெனைச்சிருந்தா இதத் தூக்கிக்கிட்டு வரமாட்டேன். நான் இந்த வீட்டுல இருந்தவ. இருந்தவளுக்குத் தெரியாதா, இந்த வீட்டுக்கு என்னா வேணும்னு?"

ஷிபான் தன் பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினான். அப்போது விறாந்தையிலிருந்து, இழுத்து இழுத்து, ஐயாவின் குரல் வந்தது.

"பம்பை... பூட்டட்டும்... லீலா."

லீலாதேவி திரும்பினார்.

"எனக்கு... குளிருது."

"நான் கேக்கேக்கை எல்லாம் இல்லையெண்டுதானே தலையாட்டுவீங்கள்!"

ஐயா மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது. லீலாதேவி அவரருகே போய் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "பின்பக்கச் சுவராலதான் பைப் கொண்டுபோக வேணும். வாரும் தம்பி, காட்டுறன்" என்று ஷிபானை அழைத்துக்கொண்டு நடந்தார்.

வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. நல்லையா ஏணி பிடித்தான், சுவரில் துளைபோட்ட தூசியைத் துடைத்தான். ஜெயலெட்சுமி குசினியில் லீலாதேவியோடு தேங்காய் துருவினாள். இன்று யாரும் அதைப் பிடுங்கவில்லை. கடைசியில் ஷிபான் கட்டிலருகே இருந்த பொத்தானைக் காட்டினான். லீலாதேவி அதை அமத்திவிட்டு, ஐயாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் ஒடுங்கிய அந்த நடைவழியில் சுவரைத் தடவியபடி போனார்கள். கதவு மூடியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஐயா என்னவோ சொல்ல, லீலாதேவி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தமும் கேட்டது. அந்த வீட்டில் இருந்த மாதங்களில் அவர் அப்படிச் சிரித்து இவர்கள் கேட்டதில்லை. நல்லையா முற்றத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஐயாவுக்குச் சட்டை போட்டுப் படுக்கவைத்துவிட்டு லீலாதேவி வெளியே வந்தார். கையில் மடிப்புக் கலையாத ஒரு துவாய்.

"லெட்சுமி, நீரும் ஒருக்காக் குளிச்சிட்டுப் போம்."

"எனக்கு எதுக்கு மிஸ்ஸி? பஸ்ஸுக்கு நேரமாகுது."

"அடுத்த பஸ்ஸில போகலாம். இருந்த காலமெல்லாம் பின்னுக்குப் போய்ப் பச்சத்தண்ணியில குளிச்சனீர். நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. இண்டைக்குக் கேளும்."

துவாய் நீட்டியபடியே இருந்தது. ஜெயலெட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன், போ என்பதுபோல் தாடையை அசைத்தான். லீலாதேவி அறைக்குள் எட்டிப் பொத்தானை அமத்தினார்.

உள்ளே ஐயாவின் சவர்க்கார வாசனை இன்னும் இருந்தது. சுவரெல்லாம் ஈரம். கூந்தலை அவிழ்த்துவிட்டு, பழக்கத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, குழாயைத் திருகினாள். உள்ளங்கையில் விழுந்தது சூடு. அவள் கையை எடுக்கவில்லை. தண்ணீர் விரலிடுக்கால் வழிந்து முழங்கையில் இறங்கியது. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"சூடு காணுமோ பிள்ளை?"

"போதுங்க மிஸ்ஸி" என்றாள் ஜெயலெட்சுமி. சின்ன யன்னலின் கண்ணாடியில் ஆவி படர்ந்து, வெளியே தெரிந்த மலையை மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல மறைத்துக்கொண்டிருந்தது.