மூன்றாவது வரியில் காற்று இல்லை

காலர்காரியின் வீட்டு ஆர்மோனியம், மூடியைக்கூடத் திறக்காமல், பதினாறு வருடமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே பாட்டை வாசித்துவருகிறது. முதல் வாரம் தெருவே அவள் வாசலில் நின்றது. மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து, இது கரண்டில் ஓடவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கோணல் தையல் விழுந்தால் பிரிக்கமாட்டாள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் காலருக்குள் மடித்துவிடுவாள். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அந்த ஆர்மோனியப் பெட்டி வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. உள்ளே காற்றைச் சேர்த்துவைக்கும் பை கிழிந்திருந்தது. துருத்தியை அழுத்தும் கை நின்றால் அந்த நொடியே சத்தமும் நின்றுவிடும். இரண்டு கையாலும் விடாமல் அழுத்தவேண்டியிருந்ததால், ஒரே ஆள் வாசிக்கவும் காற்று போடவும் முடியாது. எனவே அம்மா காற்று போட்டாள், மகள் கட்டைகளை அழுத்தினாள். பாட்டு அம்மாவுடையது, தையல் மெஷின் ஓட்டத்துக்கு அவளே முனகிய நான்கு வரி. புருஷன் விட்டுப்போன வீட்டில் மாலை ஆறிலிருந்து அந்த ஒரு மணி நேரம்தான் இருவரும் சிரித்தார்கள். பெட்டிக்கு மேலே இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வரியில் மகள் எப்போதும் வெள்ளைக் கட்டைக்குப் பதில் பக்கத்துக் கறுப்பை அழுத்துவாள். அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும் என்று, அந்த இடம் வரும்போது மட்டும் கையை நிறுத்திக்கொள்வாள். தப்பு ஊமையாகக் கடந்துபோகும். பாட்டே அங்கே மூச்சு வாங்குகிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காலர்காரி எட்டு வருடம் மறைத்தாள்.

பதினேழு வயதில் மகள் இசைப்பள்ளித் தேர்வுக்குத் தனியாகப் போனாள். அங்கே நல்ல பெட்டி, ஒரு கையாலேயே காற்று போட்டுக்கொள்ளலாம். அம்மாவின் பாட்டையே வாசித்தாள். மூன்றாவது வரியில் கறுப்புக் கட்டை வீறிட்டது. பெட்டி ரிப்பேர் என்றாள் மகள். வேறு பெட்டி கொடுத்தார்கள், அதுவும் வீறிட்டது. மூன்றாவதும் அப்படியே.

"மூணு பெட்டிக்கும் ஒரே வியாதியாம்மா?" என்றார் தேர்வாளர். அறையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"சின்னப் பிள்ளை... மனசு கஷ்டப்படுவியேன்னுதான்..."

"அப்பவே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானேம்மா?"

மறுநாள் பையோடு போய்விட்டாள். அன்று மாலைதான் பெட்டி தானாக வாசிக்கத் தொடங்கியது, மூன்றாவது வரியில் அதே இடைவெளியோடு. காலர்காரி கம்பெனியில் ஓவர்டைம் பார்ப்பதை நிறுத்தினாள். ஆறு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும். அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் என்று சொன்னவர்களோடு அவள் பேசுவதில்லை.

மகள் வேறு ஊரில் முறையாகக் கற்று, பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். தப்பு விழுந்த இடத்திலேயே விரலைப் பிடித்து நிறுத்திவிடுவாளாம். பதினோராம் வருடம், சரியாக ஆறு மணிக்கு, வாசலில் வந்து நின்றாள்.

"இரு, பொண்ணு வாசிக்கிறா. முடியட்டும்," என்றாள் அம்மா, திரும்பாமலே.

முடிந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தாள். "வாம்மா. நாம சேர்ந்து ஒரு தடவை வாசிப்போம்."

அம்மா துருத்தியைப் பிடித்தாள். பதினோரு வருடமாக மகள் இந்த ஒரு கட்டைக்காகக் காத்திருந்தாள். முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதில் வெள்ளைக் கட்டையை, சரியான கட்டையை, விரல் வலிக்க அழுத்தினாள். சத்தம் வரவில்லை. அம்மாவின் கை நின்றிருந்தது.

"பார்த்தியா," என்றாள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "தப்பே கேக்கல."

மகள் மூடியைச் சாத்திவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் ஆறு மணிக்குப் பாட்டு வழக்கம்போல வந்தது. மூன்றாவது வரி இடைவெளி மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. கீழ்வீட்டு டிரைவர் இப்போது தினமும் அந்த இடைவெளியில்தான் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்.