கணக்கில் சேராத பாதை

இல்லை என்று சொல்லிவிட்டாள், சொல்லி போனையும் வைத்தாயிற்று, இனிமேல் எந்த வாயால் ஆமாம் என்பது... மொட்டைமாடிக் கொடியில் போட்ட சட்டையைச் சரியாகக்கூடப் பிழியவில்லை, தண்ணீர் அவள் காலிலேயே சொட்டியது, அக்காவின் சட்டை, அலுவலகத்துக்குப் போடுவது. அக்கா கத்தியிருந்தால் தேவலை. போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைய, "ஏய் எலி, அந்த ஃபைல்ல நீ ஏதாவது கை வச்சியா?" என்று மட்டும்தான் கேட்டாள். "இல்லக்கா." தும்மல் மாதிரி தானாக வந்துவிட்டது. மாத்திரைத் தொழிற்சாலையில் அக்கா செய்த கருவிக்கு இன்றுதான் சோதனை, ஓடுகிற பட்டையில் வரும் மாத்திரைகளைக் கேமரா பார்க்கும், உடைந்ததைத் தள்ளிவிட வேண்டும். காலையில் ஒழுங்காகத் தள்ளியதாம், தகரக் கூரை சூடேறியதும் உடைந்ததையும் நல்லது என்று உள்ளே விடுகிறதாம், அதுவும் எப்போதும் இல்லை, அவ்வப்போது. எப்போதுமே தப்பென்றால் கேமராவின் தலையில் கட்டலாம், பட்டையின் தலையில் கட்டலாம். சூடானால் மட்டும், அவ்வப்போது மட்டும் என்றால்... சிப்புக்குள் அந்த ஒரு பாதைதான், இவளுக்குத் தெரியும், உலகத்திலேயே இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல், போர்வைக்குள் அனத்திக்கொண்டிருந்தாள், எழுப்பினால் தோலை உரித்துவிடுவேன் என்றாள் அம்மா. மடிக்கணினி மட்டும் மேசையில் வேலை செய்துகொண்டிருந்தது, அக்கா எழுதியதை அந்தக் கருவியின் சிப்புக்குள் எப்படி அடுக்குவது என்று அதுவே யோசிக்கும், அடுக்கி முடித்ததும் எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்லும். அக்காவின் மேனேஜருக்கு நூறு மெகாஹெர்ட்ஸ் வேகம் வேண்டும், அதற்குக் குறைந்தால் பட்டையின் வேகத்துக்கு ஈடு கொடுக்காதாம், அதனால் வீட்டில் அவர் பெயரே நூறு சார், அவர் கல்யாணத்தில் தாலி கட்டவும் நூறு முடிச்சு கேட்டிருப்பார் என்று அக்கா சிரிப்பாள். ஆனால் திரையில் வந்தது எண்பத்தெட்டு, ஒரே ஒரு வரி சிவப்பாக. மற்றப் பாதைகள் எல்லாம் நூற்று முப்பதுகூடத் தாங்கும், இந்த ஒன்றுதான் நொண்டி, ஒரு கடிகாரத் துடிப்பில் கிளம்பும் கணக்கு அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர வேண்டும், இது சிப்பின் ஒரு மூலையில் கிளம்பி எதிர்மூலைக்குப் போகிறது, கூட்டல் கழித்தலுக்கு ஆகிற நேரத்தைவிடக் கம்பியில் போகிற நேரமே அதிகம், ஒன்று பின்தங்கினால் மொத்தச் சிப்பும் அதன் வேகத்துக்குத்தான் ஓட வேண்டும்... வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு துடிப்பு இளைப்பாறவிட்டு அனுப்பினால் சரியாகிவிடும், அதுதான் முறை, ஆனால் விடை ஒரு துடிப்பு தாமதமாக வரும், பின்னால் அதை நம்பியிருப்பதை எல்லாம் மாற்ற வேண்டும், அது அக்காவால்தான் முடியும், அக்கா அனத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பாதையைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு வரி எழுதலாம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், அக்கா சொல்லிக்கொடுத்ததுதான், நிஜமாகவே யாரும் போகாத பாதைக்குத்தான் அதை எழுதுவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். அக்காவின் ஃபைலில் கடைசியாக எழுதினாள். மறுபடி ஓடி முடித்தபோது எல்லாம் பச்சை, நூறு. பாதை குட்டையாகவில்லை, கம்பி நகரவில்லை, பார்க்கிறவன் கண்ணைப் பொத்தியதுதான் நடந்தது. எழுந்து பார்த்த அக்கா, காய்ச்சலோடு அவளைக் கட்டிக்கொண்டாள். வீட்டு மேசையில், மின்விசிறிக் காற்றில், அந்தக் கருவி ஓடவும் ஓடியது... சூட்டில் சிப் மந்தமாகும் என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், தொழிற்சாலையில் மின்விசிறி இருக்கும் என்று நினைத்தாளா, இல்லை, எதையுமே நினைக்கவில்லை, கட்டிக்கொண்டது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

"துணி காயப்போடறியா, துணி நெய்யறியா?" என்றாள் அம்மா, படிக்கட்டிலிருந்து. வர்றேம்மா என்றாள். இந்தச் சோதனை தேறினால்தான் அக்காவுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் மறுபடி வீடு, மறுபடி அப்பாவின் முகம். போனை வைக்கும் முன் அக்கா சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. "சரி. அப்ப நான்தான் எங்கயோ விட்டிருக்கேன். நூறு சார்கிட்ட அப்படியே சொல்லிடறேன்." எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாள், ஒரு சண்டை கிடையாது, ஒரு திட்டு கிடையாது, குழம்பில் உப்பில்லை என்றாலே பஞ்சாயத்து வைக்கிறவள்... துணிக் கவ்வியை எடுத்தவள் அப்படியே நின்றாள். திங்கட்கிழமை காலை ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் அக்கா அந்த ஃபைலைத் திறந்து, எப்போதும்போல வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள், கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது, டீயை உறிஞ்சிக்கொண்டே இவளை நிமிர்ந்து பார்த்து, ராத்திரி நல்லாத் தூங்கினியா என்று கேட்டாள், இவள் ஆமாம் என்றாள், அக்கா மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். கடைசிப் பக்கத்தில்தான் இவள் எழுதிய வரி இருந்தது. அக்காவுக்கும் பச்சை வேண்டியிருந்ததா, அப்படியென்றால் இன்று எதற்குக் கேட்டாள், இவள் ஆமாம் என்பாள் என்று எதிர்பார்த்தா, இல்லை என்றுதான் சொல்வாள் என்று தெரிந்தா?