நடு வரிசைக்காரர்கள்

"பிளேனை நீட்டினா, நடுவுல புதுசா உட்காருறவங்க எல்லாம் எங்கேருந்துப்பா வருவாங்க?"

தையல்காரரின் மகள் ஆறு வயதில் கேட்டது இது. "வேற பிளேன்லேருந்து இறங்கி வருவாங்கம்மா" என்று அன்று சிரித்துச் சமாளித்தார். இப்போது அவள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், விடுமுறைக்கு வரப்போகிறாள். அவள் வரும் அதே நீளமான வகை விமானத்தைச் சின்னப் பிளாஸ்டிக் மாடலாகச் செய்து வைக்க ஆசைப்பட்டார். துண்டுகளை ஒட்டிச் செய்யும் பெட்டிகளில் குட்டை வகைதான் கடையில் கிடைத்தது. அதை நீட்ட, அதே போன்ற இன்னொன்றை அறுத்து, இறக்கைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வளையம் செருக வேண்டும். அந்த இன்னொன்று கடையில் இல்லை. வீட்டு அலமாரியில் இருந்தது. தம்பியுடையது.

தம்பி லாரி ஓட்டுபவன். பட்டாசு என்றால்தான் தெருவில் தெரியும். லாரிகளை எடை போடும் மேடையில் ஒருவனுடைய தாடையை உடைத்து உள்ளே போய் வந்தவன். இன்னொரு புகார் வந்தால் மறுபடியும் சிறைதான் என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து, கோபம் தலைக்கேறும்போதெல்லாம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அந்த விமானத்தின் முன் உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருடக் கோபம் அதில் வழுவழுப்பாகியிருந்தது.

லோடு இறக்கிவிட்டு, விமானங்கள் செய்யும் அறைக்குள் அவன் வந்தபோது, அது மேஜையில் துண்டுகளாகக் கிடந்தது. அண்ணன் கையில் ஒரு வளையம். மேஜையெங்கும் வெள்ளைத் தூள்.

"சேரலடா" என்றார் அண்ணன். "பெட்டியில ரெண்டுலயும் ஒரே அளவுதான் போட்டிருக்கு. ஆனா கம்பெனி வேற. உன்னோடது ஒரு மயிரிழை பெருசு."

"அளந்து பார்த்தீங்களா?"

"இல்ல. கடைக்கு வந்ததும் வேற வாங்கித் தரலாம்னுதான்..."

"தையல்காரன்தானே நீ? ஒரு துணியை அளக்காம வெட்டுவியா?"

முதல் குத்து வாயில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். அலமாரி சரிந்தது. பெயிண்ட் பாட்டில்கள் நொறுங்கிக் காலடியில் சிவப்பும் நீலமுமாக ஓடின. அண்ணன் கெஞ்சவில்லை, "சரிடா, சரிடா" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் அவனை இன்னும் வெறியாக்கியது. கைக்குக் கிடைத்தது அவனுடைய சின்னக் கத்தி, புது பிளேடு மாட்டியது. வீசினான். தடுக்க உயர்ந்த உள்ளங்கையில் அது கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சத்தமில்லாமல் இறங்கியது.

ரத்தம் வெள்ளைத் தூளில் கொட்டியது. அப்போதுதான் அவனுக்குத் தன் கை கண்ணில் பட்டது.

அண்ணி ஓடி வந்தபோது, அவன் தன் துண்டால் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன பட்டாசு, திரும்ப வெடிச்சிட்டியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "பிளேடு வழுக்கிடுச்சு சார். பதறி விழுந்ததுல வாயும் மேஜையில இடிச்சிக்கிச்சு. மழுங்கின பிளேடுதான் ஆளைக் கிழிக்கும், மாத்துங்கண்ணேன்னு இவன் தினமும் கத்துவான்."

"அதை ஏன் கேக்கறீங்க!" என்றாள் விவரம் அறியாத அண்ணி. "துணி வெட்டுற கத்திரின்னா நாளுக்கு ரெண்டு தரம் தீட்டுவாரு. அந்தக் கத்திக்குப் பிளேடு மாத்தின சரித்திரமே கிடையாது."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு நோட்டை மூடினார். பொய் பாவம்தான். அந்த ஒரு பொய்யைக் கடவுள் முகம் திருப்பிக் கேட்டிருப்பார் என்று நம்பலாம்.

ஒன்பது தையல். ஒரு மாதத்துக்குக் கட்டைவிரல் மடங்காது. தையல்காரர் கடையில் சும்மா உட்கார்ந்து வேலைக்காரர்களை ஏவினார். அந்த அறைப் பக்கம் போகவேயில்லை. தம்பியிடம் எதுவும் கேட்கவுமில்லை.

மகள் வர ஐந்து நாள் இருந்தது. அண்ணன் கடைக்கும் அண்ணி மாவு மில்லுக்கும் போன ஒரு மத்தியானம், தம்பி அறையைத் திறந்தான். தன் விமானத்தின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தான். அண்ணன் நேராகத்தான் அறுத்திருந்தார். ஒட்டினால் பழையபடி நின்றுவிடும். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு இரண்டு வளையங்களையும் எடுத்து, அண்ணனுடைய விமானத்தில் இறக்கைக்கு முன்னும் பின்னும் செருகி ஒட்டினான்.

நான்கு மத்தியானங்கள். மயிரிழை துருத்திய இடத்தில் பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினான். தட்டியது. மறுபடியும் தேய்த்தான். தட்டாமல் போகும்வரை தேய்த்தான். வெள்ளை அடித்து, காய்ந்ததும் மகளின் அறை ஜன்னலோரம் வைத்தான். விமானத்தின் நடு ஜன்னல்களிலும் வெளிச்சம் விழுந்தது.

திரும்பி வந்து அண்ணனுடைய கத்தியை எடுத்தான். துருவேறிய பிளேடைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புதியதை மாட்டி, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். கை கழுவிவிட்டு லாரியை எடுக்கப் போனான்.